டிங் டிங், ஹாலிஃபாக்ஸ்

5 மார்ச் 2019, செவ்வாய்

ஜெஃப்ரி மறுபடியும் தொலைபேசியில். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து அந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லை. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று இருந்த பிராக்கன்ஷா மருத்துவமனை மூடி இருபத்தைந்து ஆண்டு ஆகிறதாம், நினைவு மலர் போடுகிறாராம். ஏழாம் வார்டின் சிஸ்டராக, அதாவது தலைமை நர்ஸாக, இருந்தவள் என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

“இனிமையா ஏதாவது எழுதுங்க மேரியன். கிறிஸ்துமஸ் நாடகம், கிரிக்கெட் மைதானம், அந்த பேக்கரி ரொட்டி வாசனை…”

ரொட்டி வாசனையா! எனக்கு நினைவிருக்கும் வாசனையை எழுதினால் மலரை யாரும் கையால் தொடமாட்டார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். டெரிக் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “யோசிக்கிறேன்னு நீ சொன்னா மாட்டேன்னு அர்த்தம்னு அந்த ஆளுக்கு யாராவது சொல்லித் தரணும்” என்றார். நாற்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அவர் கற்றது அது ஒன்றுதான்.

9 மார்ச், சனி

பேருந்தில் பிராக்கன்ஷா வழியாகப் போனேன். சுற்றிலும் புதுவீடுகள். ஏழாம் வார்டு இருந்த இடத்தில் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். தெருவின் பெயர் ‘பழத்தோட்டச் சந்து’. அங்கே எந்தக் காலத்திலும் ஒரு பழமரம் கிடையாது. கொதிகலன் அறையும் கரிக்குவியலும்தான் இருந்தன. இடித்தது போதாதென்று பெயரிலும் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

16 மார்ச், சனி

நினைவு நாள் கூட்டம். போகக் கூடாது என்று நினைத்திருந்தேன். டெரிக்கைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், சலவை வண்டி ஓட்டியவர் என்று. தனியாக விட்டால் ஒன்றரை மணி நேரம் வண்டியின் கியரைப் பற்றியே பேசுவார், அதனால் போனேன்.

சமுதாயக்கூடம் முழுக்கப் புகைப்படங்கள். எல்லாம் சிரித்த முகம். பழைய ஊழியர்கள் ஸ்கோனும் தேநீருமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். “அங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்” என்று ஆளுக்கு ஆள். குடும்பத்தில் யாரும் இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிவதில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. ஸ்கோனைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து, “சிஸ்டர்.”

முப்பது வருடப் பழக்கம், முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. திரும்பினால் என் வார்டில் இருந்த ஐவி பிக்கிள்ஸ். எண்பத்தொன்று ஆகிறது. குள்ளம், முன்னைவிடக் குள்ளம். கூட வந்திருந்த உதவியாளர் ட்ரேசி, “இவங்க இதயம் கொஞ்சம் மோசம், நிறைய நேரம் நிக்க வைக்காதீங்க” என்று நாற்காலி இழுத்துப் போட்டார். ஐவி உட்காரவில்லை.

“சிஸ்டர், லினெட் சாப்பிடுறாளா?”

எப்படி இருக்கீங்க இல்லை, நல்லா இருக்கேன் இல்லை. நேரடியாக அதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு பேச்சைப் பாதியில் விட்டுப்போய், இப்போது தொடர்ந்தது போல.

எனக்குத் தெரியாது என்றேன். விசாரிக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

“நீங்கதானே சிஸ்டர்? உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தாள்.

17 மார்ச், ஞாயிறு

தூக்கம் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஏழாம் வார்டில் நாற்பத்திரண்டு பெண்கள். ஒரு வேளைக்கு ஊழியர் இருவர், அதிர்ஷ்டம் இருந்தால் மூவர். அந்தப் பெண்களில் பன்னிரண்டு பேருக்குக் கையால் ஊட்ட வேண்டும். எப்படி முடியும்? முடியாது. அதனால் எல்லா வார்டிலும் செய்ததையே நாங்களும் செய்தோம்: ஊட்டவும், துடைக்கவும், குளிப்பாட்டவும் நடமாட முடிந்த நோயாளிகளை விட்டோம். சம்பளம் வாரத்துக்குக் கொஞ்சம் சிகரெட்டு. ஐவி புகைக்கமாட்டாள். அவளுக்கு மிட்டாய்.

ஐவிக்கு நோய் என்று ஒன்றும் கிடையாது. தாய் செத்தாள், பள்ளியில் மந்தம் என்றார்கள், பதினாறு வயதில் கொண்டுவந்து விட்டார்கள். லினெட் ஆறு வயதில் வந்தாள். பேச்சில்லை, நடையில்லை, யாரையும் பார்க்கமாட்டாள். வந்த முதல் வாரம் வாயையே திறக்கவில்லை. அப்போது இருந்த சிஸ்டர், பிழைக்காது என்று எழுதி வைத்துவிட்டாராம். ஐவிக்கு அப்போது இருபத்து மூன்று. கரண்டியின் முதுகை வெந்நீரில் வைத்து, லினெட்டின் இடது கன்னத்தில் இரண்டு தரம் தொட்டு, “டிங் டிங், ஹாலிஃபாக்ஸ்!” என்றாளாம். ஐவியின் அப்பா பேருந்து நடத்துநர், மணியடித்து ஹாலிஃபாக்ஸ் என்று ஊர்ப் பெயரைக் கூவியவர். லினெட் வாயைத் திறந்தாள்.

அதன் பிறகு முப்பத்திரண்டு வருடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது பழைய வழக்கம். நாங்கள் யாராவது ஊட்டப் போனால் லினெட் பல்லைக் கடித்துக்கொள்வாள். ‘ஹாலிஃபாக்ஸ்’ சொன்னால் போனால் போகிறதென்று இரண்டு வாய் வாங்குவாள்.

மூடும்போது ஒரு விதி வந்தது. அவரவர் பிறந்த மாவட்டத்துக்கே அவரவரை அனுப்ப வேண்டும், செலவை அந்த மாவட்டம் ஏற்கும். லினெட் கிரிம்ஸ்பிக்குப் போனாள், ஐவி இங்கேயே. செப்டம்பர் 1993. அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு படிவம், பதினான்கு பக்கம். ‘நெருங்கிய உறவுகள், நண்பர்கள்’ என்று ஒரு கேள்வி. அதில் ஒரு பெயர் இருந்தால் பிரிக்கும் முன் குழு கூடிப் பேச வேண்டும்.

லினெட் மார்ஸ்டனின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதியவள் நான்.

நாற்பத்திரண்டு படிவம், மூன்று நாள்! உறவு என்றால் வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் புத்தியில் இருந்தது. நோயாளிக்கு நோயாளி எப்படி உறவாவாள்? ஐவியின் படிவத்திலும் அதையேதான் எழுதினேன். கூடவே ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்றும். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் தூங்க விடவில்லை.

20 மார்ச், புதன்

கிரிம்ஸ்பி பக்கத்துச் சமூகநல அலுவலகத்துக்குத் தொலைபேசி. காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் வயலின் இசை கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண், அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதையே சொல்ல முடியாது என்றாள். “நீங்க அவங்களுக்கு என்ன உறவு?”

உறவில்லை என்றேன். வைத்துவிட்டாள்.

2 ஏப்ரல், செவ்வாய்

அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. விவரம் கேட்பதற்குச் சம்பந்தப்பட்டவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டுமாம். அவள் இருக்கிறாளா என்று சொல்லமாட்டார்கள், ஆனால் அவளிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்! மறுபடி அழைத்தேன். அவளுக்குப் பேச வராது, பேனா பிடிக்க வராது என்று சொன்னேன்.

“அப்போ அவங்க சார்பா நெருங்கிய உறவினர் போடலாம்.”

“நெருங்கிய உறவினர் யாருமில்லைன்னுதான் உங்க கோப்புல எழுதியிருக்கும்மா!”

“அதை நான் உறுதிப்படுத்த முடியாதுங்க.”

அத எழுதினதே நான்தான்டி! — இதைச் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அலமாரிக் கதவை அறைந்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. டெரிக் திருகாணி தேடுகிறார்.

8 ஏப்ரல், திங்கள்

ஐவி தினமும் காலை ஏழு மணிக்கு அழைக்கிறாள். ட்ரேசி எண்ணைப் போட்டுத் தருகிறாள் போல. “தெரிஞ்சுதா சிஸ்டர்?” இல்லை என்கிறேன். “சரி சிஸ்டர்.” ஒரு கோபமும் இல்லை. கத்தித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

11 ஏப்ரல், வியாழன்

ஜெஃப்ரி: “உங்க பக்கம் இன்னும் வரலியே?” நாய்க்கு உடம்பு சரியில்லை என்றேன். எங்களிடம் நாய் இல்லை.

அலுவலகத்துக்கு எழுதிய இரண்டாவது கடிதமும் கிணற்றில் போட்ட கல்தான்.

23 ஏப்ரல், செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில் டெரிக் சொன்னார்: “கேக்கக் கூடாதுன்னாங்க. சொல்லக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?”

“என்னத்தைச் சொல்றது?”

“கரண்டியைப் பத்தி. அவ உயிரோட இருந்தா எவளோ ஒருத்தி ஊட்டித்தானே ஆகணும்? ஊட்டுறவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

சில நேரம் இந்த மனிதருக்கு மூளை வேலை செய்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

26 ஏப்ரல், வெள்ளி

கிரிம்ஸ்பியிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப்பட்ட இல்லங்கள் பதினொன்று. பட்டியலை நூலகத்தில் எடுத்துக்கொண்டு வந்து காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். முதல் வீட்டில் என்னைச் சோப்பு விற்பவள் என்று நினைத்தார்கள். மூன்றாவது வீட்டில் பைத்தியம் என்று. நான்காவது வீட்டுக்காரி தன் மாமியாரைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள்.

ஏழாவது எண்ணில் பாலின் என்றொரு மேலாளர். அவருக்கும் அதே பாட்டைப் பாடினேன்: “நான் ஒண்ணும் கேக்கல. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒருத்தி இருந்தா. கரண்டியோட முதுகை இடது கன்னத்துல ரெண்டு தரம் தொட்டு, டிங் டிங் ஹாலிஃபாக்ஸ்னு சொன்னாத்தான் வாயைத் திறப்பா. அவ்வளவுதான்.”

தொடர்பு போய்விட்டதென்று நினைத்தேன்.

பிறகு மெதுவாக, “நாங்க எல்லாரும் அதான் சொல்றோம். நான் பதினாறு வருஷமா சொல்றேன். ஏன் ஹாலிஃபாக்ஸ்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லித் தர்றோம். கொண்டுவந்து விட்ட ஒரு நர்ஸ் சொல்லிட்டுப் போனதுன்னு பேச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க யாருங்க?” என்றார்.

தொலைபேசியை டெரிக்கிடம் நீட்டினேன். டெரிக் வாங்கிப் பேசினார். நான் சமையலறையில் நின்று அழுதேன். எழுபத்து மூன்று வயதில், துவைத்த பாத்திரத்துணியில் மூக்கைச் சிந்திக்கொண்டு.

27 ஏப்ரல், சனி

காலை ஏழு மணி. “தெரிஞ்சுதா சிஸ்டர்?”

“சாப்பிடுறா ஐவி.”

“கட்டியில்லாம மசிக்கிறாங்களா?”

5 மே, ஞாயிறு

பாலின் தன் மேலதிகாரியிடம் பேசி, ஐவி பக்கத்துச் சமூகப் பணியாளரிடம் பேசி, அவர் ட்ரேசியிடம் பேசி — தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு — லினெட்டைப் பார்க்க வியாழக்கிழமை என்று ஆகியிருக்கிறது. ட்ரேசிக்கு அன்று வேறு வேலை. நானும் டெரிக்கும் ஐவியை அழைத்துப் போகிறோம்.

போகும் முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. சொல்ல வேண்டும். சொல்வேனா?

10 மே, வெள்ளி

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்குக் கிளம்பினோம். ஐவி முன் இருக்கையில், கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. பையில் ஒரு கரண்டி. வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்! “அவங்க கரண்டி எப்படியோ என்னவோ.”

டான்காஸ்டர் தாண்டியதும் சொன்னேன். பின் இருக்கையிலிருந்து, அவள் பின்னந்தலையைப் பார்த்தபடி. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

“ஐவி, லினெட்டை உன்கிட்டருந்து பிரிச்சதுக்கு நான்தான் காரணம். படிவத்துல உன் பேரை எழுதியிருக்கணும். யாருமில்லைன்னு எழுதிட்டேன்.”

“தெரியும் சிஸ்டர்.”

“என்ன தெரியும்?”

“நீங்க எழுதுனது. உங்க அறையில தரை துடைச்சிட்டு இருந்தேன்ல. மேசைமேல விரிச்சு வச்சிருந்தீங்க. உங்க கையெழுத்துன்னா எனக்குப் புரிஞ்சிருக்காது, கோழி கிளறின மாதிரி இருக்கும். படிவத்துக்குன்னு அச்சு எழுத்துல போட்டீங்க. எழுத்து எழுத்தா கூட்டிப் பார்த்தேன்.”

“உனக்குத்தான் படிக்கத் தெரியாதே!”

காரே குலுங்கும்படி டெரிக் சிரித்தார், ஆனால் அது நல்ல சிரிப்பில்லை. “ஏன் மேரியன், பத்தொன்பது வருஷம் சலவைக்கூடத்துல, துணியில தச்ச பேர்ப்பட்டையைப் பார்த்துப் பார்த்து ஆயிரம் பேர் துணியை வார்டு வார்டா பிரிச்சது யாருன்னு நினைச்சே? வாசனை புடிச்சா பிரிச்சா? ஐவி லீவு போட்டா ஒரு காலுறைகூட சரியான வார்டுக்கு வந்து சேராது. இது உனக்குத் தெரியாதா?”

தெரியும். நானே வாரா வாரம் கூடைகளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வார்டுத் துணி மட்டும் மாறாமல் வருகிறதே என்று பெருமைகூடப் பட்டேன். தெரிந்துகொண்டே, அவள் கோப்பில் ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்று ஒவ்வொரு வருடமும் எழுதினேன். போன வருடம் எழுதியிருந்தது, அதனால் இந்த வருடமும்.

“அப்போவே ஏன் சொல்லல ஐவி? ஒரு வார்த்தை கேட்டிருந்தா…”

“கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஐவி, அங்க மூலையில ஈரம் இருக்கு, துடைன்னு சொல்லியிருப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். அது உண்மை. அதையேதான் சொல்லியிருப்பேன். கிரிம்ஸ்பி வரும்வரை டெரிக்கூட கியரைப் பற்றிப் பேசவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். லினெட் சக்கர நாற்காலியில் சன்னலோரம். அறுபத்து நான்கு வயது, தலை நரைத்து, குட்டையாக வெட்டிய முடி. ஐவி வாசலில் நின்று பார்த்தாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவள் சொன்னது: “யாரு இவ முடியை இப்படிக் கொதறினது?”

கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கை கழுவினாள். ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், “எந்திரிம்மா. நீ இந்தப் பக்கம் உக்காந்தா அவளுக்குக் கழுத்து வலிக்கும்” என்றாள். அந்தப் பெண் பாலினைப் பார்த்தது, பாலின் தலையசைத்தார். ஐவி தன் கரண்டியை வெந்நீரில் வைத்து எடுத்துத் துடைத்து, கன்னத்தில் ஒரு முறை தொட்டாள்.

ஒரு முறைதான். ‘டிங்’ என்றுகூடச் சொல்லவில்லை. லினெட் வாயைத் திறந்துவிட்டாள்.

அவள் ஐவியைப் பார்க்கவில்லை. யாரையும் அவள் பார்ப்பதில்லை. ஆனால் கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள், கஸ்டர்டும் சாப்பிட்டாள். முடிந்ததும் ஐவியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், கையை விடுகிற வழியைக் காணோம். கடைசியில் பாலின் கத்தரிக்கோல் கொண்டுவந்து நூலை வெட்டினார். “தூங்கினதும் வாங்கி வச்சிடுறேன்” என்றார்.

“வச்சிருக்கட்டும். அடுத்த வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்” என்றாள் ஐவி. என்னைக் கேட்கவில்லை. டெரிக்கையும் கேட்கவில்லை.

புறப்படும்போது பாலின் வருகையாளர் படிவத்தை நீட்டினார். பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டினேன். பிறகு அதை ஐவிக்கு நகர்த்தினேன். பெயரை அச்சு எழுத்தில், ஒரே அளவில், கோடு போட்டது போல எழுதினாள். ‘உறவு’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. “இதுல என்ன போடணும்னு யோசிச்சுச் சொல்றேன்” என்று அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

21 மே, செவ்வாய்

ஜெஃப்ரிக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். இனிமையாக ஒன்றுமில்லை. ‘யாருமில்லை’ என்று நான் எழுதியது, அதைத் தரை துடைத்தவள் படித்தது, அவ்வளவுதான். மாலையே அழைத்தார். “கொஞ்சம் கனமா இருக்கு மேரியன். படிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டும்” என்றேன்.

6 ஜூன், வியாழன்

ஐந்தாவது வாரம். வியாழக்கிழமைப் பணியில் இருக்கிற பெண் ‘ஹடர்ஸ்ஃபீல்ட்’ என்று சொல்லிவிட்டதாம். ஐவி வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். “அது வேற பஸ்ஸு!”

13 ஜூன், வியாழன்

மலர் வந்துவிட்டது. என் பக்கம் இல்லை. அந்த இடத்தில் டெரிக்கின் சலவை வண்டி, முழுப்பக்கப் படம். டெரிக் அதைக் கழிப்பறையில் வைத்திருக்கிறார்.

18 ஜூன், செவ்வாய்

காலை ஏழு மணி. ஐவிதான். லினெட்டின் சட்டைகள் சலவைக்குப் போய் வேறு யாருடையவோ திரும்பி வருகின்றனவாம், போன வாரம் போட்டிருந்தது ஆம்பளை ஸ்வெட்டராம். “பேர்ப்பட்டை நெய்யக் குடுத்து வந்தாச்சு சிஸ்டர். ட்ரேசி கொண்டுவருவா. நீங்க தச்சுடுங்க. உங்க தையல் எப்பவுமே சுமார்தான், நெருக்கித் தைங்க.”

மதியம் வந்தது, நாற்பத்தெட்டுப் பட்டைகள், வெள்ளையில் சிவப்பு எழுத்து. பிராக்கன்ஷாவில் பட்டையில் முதலில் பெயர், அதன் பக்கத்தில் வார்டு எண் இருக்கும். ‘எல். மார்ஸ்டன் – 7’. எங்கே திருப்பித் தர வேண்டும் என்று சலவைக்கூடத்துக்குத் தெரிவதற்கு.

இதில் ‘எல். மார்ஸ்டன் – ஐவி’ என்று இருந்தது.

மாலை ஐவி வந்து பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னாள். பிரித்துத் தைத்தேன்.